எட்டாம் நாள்: சூலூர்ப்பேட்டையிலிருந்து தண்டையார்பேட்டைக்கு

விசாகப்பட்டினத்திலிருந்து தண்டையார்பேட்டையில் உள்ள என் வீடு வரை, ஏறத்தாழ 800 கிலோமீட்டர் தூரத்தை, மார்கழியின் கடைசி வாரத்தில் எட்டு நாட்களில் சைக்கிளில் கடந்து வந்தேன். ராஜமுந்திரியில் கோதாவரியையும் விஜயவாடாவில் கிருஷ்ணாவையும் நெல்லூரில் வடபெண்ணையையும் தாண்டியதைப் பற்றித்தான் பார்க்கிறவர்கள் எல்லோரும் கேட்கிறார்கள். அந்த ஆறுகளைப் பற்றி இன்னொரு நாள் எழுதுவேன். இப்போது எழுத நினைப்பது கடைசி நாளைப் பற்றி மட்டுமே. சூலூர்ப்பேட்டையில் கிளம்பி, தடா, கும்மிடிப்பூண்டி, பொன்னேரி, மீஞ்சூர், மணலி, திருவொற்றியூர் வழியாக வீடு வந்து சேர்ந்த அந்த 85 கிலோமீட்டர் சொச்சத்தில், முதல் பாதி மற்ற ஏழு நாட்களைப் போலவே கழிந்தது. மறுபாதி நான் சிறுவயது முதல் அறிந்த சாலை. பயணம் முழுவதிலும் அதுவே கடினமாக இருந்தது; என்னை அதிகம் யோசிக்க வைத்ததும் அதுவே.

வடக்கே ரயிலில் போய்த் தெற்கு நோக்கி மிதித்து வந்ததற்குக் காரணம் காற்று. மார்கழியில் இந்தக் கரையில் காற்று வடகிழக்கிலிருந்து வீசும்; வாடையும் கொண்டலும் கலந்த அந்தக் காற்று முதுகில் பட்டால், மூட்டையோடு போகும் சைக்கிளும் தானாக நகர்வதைப் போல ஓடும். எதிர்த்து மிதித்தால் அதே தூரத்துக்கு ஒன்றரை மடங்கு நேரம் பிடிக்கும். எனவே, பெடலைக் கழற்றி, ஹேண்டிலைத் திருப்பிக் கட்டி, சட்டத்துக்குக் கோணி சுற்றி, சைக்கிளைப் பார்சலாக ரயிலில் ஏற்றிவிட்டு நானும் அதே ரயிலில் போனேன். வீட்டை விட்டு விலகிப் போவதைக் காட்டிலும் ஒவ்வொரு நாளும் வீட்டை நெருங்கி வருவது கால்களுக்கு நல்லது என்றும் அப்போது தோன்றியது. அது உண்மைதான்.

சூலூர்ப்பேட்டையில் செங்காளம்மன் கோயில் கதவு இரவும் பகலும் சாத்தப்படுவதில்லை. விடியற்காலை ஐந்து மணிக்கு நான் போனபோதும் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கும்பிட்டுவிட்டு, காளங்கி ஆற்றுப் பாலத்தருகே பனியில் நின்று முன்விளக்கையும் பின்விளக்கையும் சரிபார்த்து, ஐந்தரைக்கு நெடுஞ்சாலையில் ஏறினேன். கிழக்கே பழவேற்காடு ஏரி இருக்கிறது. பூநாரைகள் வரும் காலம் அது. ஸ்ரீஹரிக்கோட்டா சாலையில் ஒரு மணி நேரம் போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்ற ஆசையை அடக்கிக்கொண்டேன். மறுநாள் போகி. அன்று மாலைக்குள் வீடு போய்ச் சேருவதாக அப்பாவிடம் சொல்லியிருந்தேன்.

கொல்கத்தா நெடுஞ்சாலை சைக்கிள்காரனுக்கு அலுப்பான சாலை. ஆனால் நியாயமான சாலை. இடது ஓரத்தில் வெள்ளைக் கோட்டுக்கு அப்பால் ஒன்றரை மீட்டர் அகலத்துக்குத் தார் போட்ட ஓரம் பெரும்பாலான இடங்களில் இருக்கிறது. லாரிகள் மணிக்கு 80 கிலோமீட்டரில் போனாலும், அந்த ஓரத்தில் இருக்கும் வரை அவை வேறு உலகத்தில் போவது போல ஓர் எண்ணம் வரும். அங்கே தொல்லை வெடித்த லாரி டயர்களிலிருந்து உதிர்ந்து கிடக்கும் எஃகு இழைகள்தான். தலைமுடியைவிடச் சற்றே தடித்த அந்த இழை டயருக்குள் புகுந்து, நாலைந்து கிலோமீட்டர் ஓடிய பிறகு ட்யூபைத் தொடும். ஏழு நாட்களில் இரண்டு பஞ்சர். இரண்டும் இப்படி வந்தவையே. ட்யூபுக்கு ஒட்டுப் போட்டால் மட்டும் போதாது. டயரின் உட்புறத்தை விரலால் தடவி அந்த இழையைக் கண்டுபிடித்துப் பிடுங்கி எறியாவிட்டால், அடுத்த பத்து நிமிடத்தில் அதே இடத்தில் மறுபடியும் காற்று இறங்கிவிடும்.

தடாவைத் தாண்டி ஆரம்பாக்கத்தில் கடைகளின் பெயர்ப் பலகைகள் தமிழுக்கு மாறியபோது ஏற்பட்ட மகிழ்ச்சியை மறைக்க வேண்டியதில்லை. எட்டு நாட்களாகக் கைவசமிருந்த கொஞ்சம் தெலுங்கை வைத்து ஒப்பேற்றியவன், டீக்கடையில் ‘அண்ணே, சர்க்கரை கம்மியா’ என்று சொல்லி டீ வாங்கிக் குடித்தேன்.

கும்மிடிப்பூண்டியில் இட்லியும் வடகறியும் சாப்பிட உட்கார்ந்திருந்தபோதுதான் அன்றைய நாளின் விஷயம் முதன்முதலில் கண்ணில் பட்டது. காலை ஷிப்டுக்குப் போகிறவர்கள் தொழிற்பேட்டைப் பக்கம் சைக்கிள்களில் போய்க்கொண்டிருந்தார்கள். பத்து, இருபது அல்ல. சாப்பிட்டு முடிப்பதற்குள் நூறைத் தாண்டியிருக்கும். பெரும்பாலும் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த இளைஞர்கள். துருப்பிடித்த மட்கார்டு, ஹேண்டிலில் தொங்கும் பிளாஸ்டிக் பையில் மதியச் சோறு, கேரியரில் இன்னொரு ஆள். விசாகப்பட்டினத்திலிருந்து நான் பார்த்த சைக்கிள்கள் மொத்தத்தையும் அந்த அரைமணி நேரத்தில் கும்மிடிப்பூண்டி மிஞ்சிவிட்டது. பளபளப்பான ஹெல்மெட்டும் பக்கவாட்டுப் பைகளுமாக நின்ற என் சைக்கிளைச் சிலர் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

பஞ்செட்டியில் நெடுஞ்சாலையை விட்டுப் பிரிந்தேன். நேராகப் போனால் காரனோடை, செங்குன்றம், மாதவரம் என்று வீட்டுக்குப் போய்விடலாம். கடைசி நாளில் அந்த நெரிசலில் சிக்க மனம் வரவில்லை. திருவொற்றியூர்–பொன்னேரி–பஞ்செட்டி சாலை என்று முழுப் பெயரோடு அழைக்கப்படும் இந்தப் பாதை எனக்குப் பழக்கமானதும்கூட. வடசென்னையில் பௌர்ணமி வெள்ளிக்கிழமை வந்தால் மூன்று அம்மன்களை ஒரே நாளில் தரிசிக்கும் வழக்கம் உண்டு. காலையில் மேலூர் திருவுடையம்மன், உச்சியில் திருவொற்றியூர் வடிவுடையம்மன், மாலையில் திருமுல்லைவாயில் கொடியிடையம்மன். இச்சை, ஞானம், கிரியை என்னும் மூன்று சக்திகள். மேலூர் மீஞ்சூருக்குப் பக்கத்தில் இருக்கிறது. அம்மா பஸ்ஸில் போவார். ப்ளஸ் டூ படித்த காலத்தில் நான் சைக்கிளில் பின்தொடர்ந்து போய் மேலூரில் அவரைப் பிடித்திருக்கிறேன். என் முதல் நெடுந்தூரப் பயணம் அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

பொன்னேரியைத் தாண்டி இரண்டு மூன்று கிலோமீட்டர் போயிருப்பேன். சாலையில் குறுக்காகத் தோண்டி மூடிய ஒரு பள்ளத்தில் பின்சக்கரம் இறங்கி ஏறியபோது ‘டங்’ என்று ஓர் ஓசை கேட்டது. வீணையில் தந்தி அறுந்தது போன்ற அந்த ஓசையை ஒருமுறை கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள். இறங்கிப் பார்த்தால், பின்சக்கரத்தில் பல்சக்கரம் இருக்கும் பக்கத்துக் கம்பி ஒன்று, சக்கரத்தின் நடுவிலிருக்கும் ஹப்பில் மாட்டும் வளைவிலேயே அறுந்திருந்தது. பாரம் ஏற்றிய சைக்கிளில் கம்பி அறுந்தால் பெரும்பாலும் இந்தப் பக்கத்தில்தான் அறும். பல்சக்கரங்களுக்கு இடம் விடுவதற்காக அந்தப் பக்கத்துக் கம்பிகள் ஏறக்குறையச் செங்குத்தாக நிற்கின்றன. அதனால் மறுபக்கத்தைவிட மிகுந்த இறுக்கத்தோடு இழுக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு சுற்றிலும் பாரம் ஏறி இறங்க ஏறி இறங்க, வளைவில் உலோகம் களைத்துப்போகிறது. ஒரு கம்பி போனால் சக்கரம் கோணி, பிரேக் கட்டையில் உரசத் தொடங்கும். அப்படியே மிதித்தால் அடுத்த கம்பியும் போகும்.

அறுந்த கம்பியைப் பக்கத்துக் கம்பியோடு சுற்றிக் கட்டினேன். பின்பிரேக்கைத் தளர்த்தினேன். கேரியரிலிருந்த கனமான பையை எடுத்து முதுகில் மாட்டிக்கொண்டு, நடந்தும் உருட்டியும் மெல்ல மிதித்தும் மீஞ்சூர் வந்து சேர்ந்தேன். மீஞ்சூரில் ரயில் நிலையம் இருக்கிறது; புறநகர் ரயிலில் ஏறினால் கொருக்குப்பேட்டையில் இறங்கி வீட்டுக்கு நடந்தே போய்விடலாம். டீக்கடையில் இருந்தவர்கள் அதைத்தான் சொன்னார்கள். நான் கடைத்தெருவில் சைக்கிள் கடையைத் தேடிப் போனேன்.

அந்தக் கடைக்காரருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். பின்சக்கரத்தைத் தூக்கி ஒருமுறை சுற்றிவிட்டு, “பல்லுப் பக்கம் போயிருக்கு தம்பி. ப்ரீவீலைக் கழட்டாம கம்பி ஏறாது. இதுக்கு உண்டான சாவி எங்கிட்ட இல்லையே” என்றார். என்னிடமும் இல்லை. மூன்று மாற்றுக் கம்பிகளைப் பையில் சுமந்து வந்தவன், பல்சக்கரத்தைக் கழற்றும் கருவியை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன். எடை குறைவாக இருக்கட்டும் என்று நினைத்துச் செய்த தவறு அது.

அவர் சிறிது நேரம் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, மேலே மாட்டியிருந்த கட்டிலிருந்து 28 அங்குலச் சக்கரத்துக்கான சாதாரணக் கம்பி ஒன்றை உருவினார். அது என் சக்கரத்துக் கம்பியைவிடக் கொஞ்சம் நீளம். கட்டிங் பிளேயரால் அதன் தலையைத் துண்டித்தார். துண்டித்த முனையை இரண்டு குறடுகளுக்கு இடையில் பிடித்து, ஒரு விரல் அகலத்துக்குள் ஒரு மடிப்பும் அதற்கு எதிர்ப்பக்கமாக இன்னொரு மடிப்பும் கொடுத்தார். முனை ஒரு சின்னப் படிக்கட்டைப் போல வளைந்து நின்றது. தலை இருக்கும் கம்பியை ஹப்பின் துளையில் நுழைக்கத்தான் பல்சக்கரத்தைக் கழற்ற வேண்டும். தலை இல்லாத இந்த வளைந்த முனையைச் சாய்த்துப் பிடித்துத் துளையில் விட்டுத் திருப்பினால், அது கொக்கியைப் போல மாட்டிக்கொள்கிறது. இழுக்கும் வரைக்கும் ஆடும், இழுத்துவிட்டால் ஆடாது. நீளமாக இருந்த அளவு மடிப்பிலேயே சரியாகிவிட்டது. பிறகு, இரண்டு கம்பிகளுக்கு வெளியே, மூன்றாவதற்கு உள்ளே என்று பின்னலில் நுழைத்து, ரிம்மில் இருந்த பழைய நிப்பிளிலேயே மறையைப் பிடித்துத் திருகினார்.

அதற்குப் பிறகு கோட்டம் எடுத்ததை நான் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திச் சக்கரத்தைச் சுற்றவிட்டு, சட்டத்தில் கையை அழுத்தி ஒரு சுண்ணாம்புக் கட்டியை ரிம்முக்கு மிக அருகில் பிடித்தார். ரிம் எங்கே வெளியே தள்ளியிருக்கிறதோ அங்கே மட்டும் வெள்ளைக் கோடு விழுந்தது. கோடு விழுந்த இடத்தில் எதிர்ப்பக்கக் கம்பியைக் கால் திருகு இறுக்கினார். அதே பக்கத்துக் கம்பியைக் கால் திருகு தளர்த்தினார். துடைத்துவிட்டு மறுபடியும் சுற்றினார். இப்போது கோடு சிறிதாயிற்று. மூன்றாம் சுற்றில் சுண்ணாம்பு படவே இல்லை. கடைசியாக, ஒவ்வொரு கம்பியையும் விரல் நகத்தால் தட்டிக் காதைக் கொடுத்துக் கேட்டார். சுருதி இறங்கி ஒலித்த இரண்டை மட்டும் இறுக்கினார். அளவுகோல் எதுவும் இல்லை. “வீடு வரைக்கும் தாங்குமாண்ணே?” என்று கேட்டேன். “வீடு வரைக்கும் என்ன தம்பி, மறுபடி ஆந்திரா போய் வரலாம்” என்றார். கூலி 60 ரூபாய். நூறு ரூபாய் நோட்டைக் கொடுத்து, “இருக்கட்டும்ணே” என்றேன். மீதியை எண்ணிக் கையில் கொடுத்துவிட்டார்.

கடையின் ஓரத்தில் பழைய சைக்கிள்கள் இருபதுக்கு மேல் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. இப்போது கடைக்கு வருகிறவை பெரும்பாலும் வடக்கத்திப் பிள்ளைகளின் சைக்கிள்கள்தான் என்று அவர் சொன்னார். பழைய வண்டியை ஓவராயில் செய்து அவர்களுக்கு விற்கிறார். ஊருக்குத் திரும்பும்போது அவரிடமே கொடுத்துவிட்டுப் போகிறார்கள். அடுத்து வருகிறவன் அதை வாங்குகிறான். “முன்னாடி இந்த ரோட்டுல வேலைக்குப் போறவங்க எல்லாம் நம்ம ஆளுங்க. எல்லாரும் பைக் வாங்கிட்டாங்க” என்றார்.

அப்படிச் சைக்கிளில் போனவர்களில் என் அப்பாவும் ஒருவர். மணலியில் ஓர் ஆலையில் 31 ஆண்டுகள் வேலை பார்த்தார். தண்டையார்பேட்டையிலிருந்து மணலிக்குப் போக 11 கிலோமீட்டர், வர 11 கிலோமீட்டர். காலை ஷிப்டு என்றால் ஐந்து மணிக்கே டைனமோ விளக்கின் உறுமல் தெருவில் கேட்கும். இரவு ஷிப்டு முடிந்து வந்தால், கால்சட்டையைப் பிடித்திருந்த கிளிப்பைக் கழற்றி ஜன்னல் கம்பியில் மாட்டுவார். மீஞ்சூரிலிருந்து கிளம்பி மிதித்துக்கொண்டே மனக்கணக்குப் போட்டேன். ஆண்டுக்கு 280 நாட்கள் என்று வைத்தாலும், நாளுக்கு 22 கிலோமீட்டராக 31 ஆண்டுகளுக்கு 1,90,960 கிலோமீட்டர் வருகிறது. பூமியை நிலநடுக்கோட்டில் ஒருமுறை சுற்றிவர 40,075 கிலோமீட்டர். அப்பா ஏறத்தாழ நாலே முக்கால் முறை சுற்றி வந்திருக்கிறார். நெடுந்தூரச் சைக்கிள் பயணி என்று என்னை அழைக்கிறார்கள்; அவரை அப்படி ஒருவரும் அழைத்ததில்லை. இரண்டு முறை அதே கணக்கைப் போட்டுப் பார்த்துச் சரிதான் என்று உறுதி செய்துகொண்டேன்.

வல்லூர் பக்கம் வந்ததும் அனல்மின் நிலையங்களின் புகைபோக்கிகள் வரிசையாகத் தெரிந்தன. அங்கேயிருந்து சாலையும் மாறிவிட்டது. நாப்பாளையம் பாலத்தில் கொசஸ்தலையாற்றின் மேல் ஐந்து நிமிடம் நின்றேன். பூண்டி ஏரியிலிருந்து வரும் அந்த ஆறு இங்கே கடலை நெருங்கி அகன்று, அசைவில்லாமல் கிடக்கிறது. எண்ணூர் முகத்துவாரம் இன்னும் சில கிலோமீட்டர்தான். தண்ணீர் குடித்து, கடைசிக் கடலை மிட்டாயைத் தின்றுவிட்டு, ஹெல்மெட் வாரை இறுக்கிக்கொண்டேன்.

மணலி புதுநகரிலிருந்து அப்பால் இந்தச் சாலை கண்டெய்னர்களின் சாலை. ட்ரைலர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போகின்றன. போகாதவை ஓரத்தில் வரிசையாக நிற்கின்றன. சைக்கிளுக்கு என்று இருக்க வேண்டிய ஓரத்தில் அவை நிற்பதால், சைக்கிள்காரன் ஓடும் ட்ரைலருக்கும் நிற்கும் ட்ரைலருக்கும் நடுவில் போக வேண்டியிருக்கிறது. நிற்காத இடங்களிலும் ஓரம் இல்லை. வெள்ளைக் கோடு முடிகிற இடத்திலேயே தார் முடிந்துவிடுகிறது. அதற்கப்பால் லாரிகளிலிருந்து சிந்திய மணலும் ஜல்லித் தூளும் சாம்பலும் கலந்து ஒரு சாண் அகலத்துக்குக் குவிந்திருக்கின்றன. சைக்கிளின் ஒல்லியான டயர் அதில் ஏறினால் வழுக்கும். என் ஹேண்டிலின் அகலம் 60 சென்டிமீட்டர். ஆடி அசைய இரு பக்கமும் ஒரு சாண் விட்டால் ஒரு மீட்டர் போதும். 800 கிலோமீட்டரில் சைக்கிளே அதிகம் போகாத நெடுஞ்சாலையில் ஒன்றரை மீட்டர் ஓரம் கிடைத்தது. ஷிப்டுக்கு ஷிப்டு நூற்றுக்கணக்கில் சைக்கிள்கள் போகும் இந்தச் சாலையில் அந்த ஒரு மீட்டர் இல்லை. இது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. கோதாவரிப் பாலத்தைப் பற்றிக் கேட்கிறவர்களிடம்கூட நான் இதைத்தான் முதலில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நான் அந்த வழியே வந்தபோது மணி இரண்டு. ஷிப்டு விடும் நேரம். பக்கத்துச் சாலைகளிலிருந்து சைக்கிள்கள் வந்து சேர்ந்துகொண்டே இருந்தன. ஒரு சந்திப்பில் சிக்னல் விழுந்து நின்றோம். எனக்கு முன்னால் நாற்பது அடிப் பெட்டி ஏற்றிய ஒரு ட்ரைலர் இடப்பக்கம் திரும்புவதற்காக நின்றது. இழுக்கும் வண்டியையும் சேர்த்தால் அது 50 அடிக்கு மேல். சிறுவயதில் அப்பா எனக்குச் சொல்லிக் கொடுத்த சாலை விதி ஒன்றே ஒன்றுதான்: ட்ரைலருக்கு இடப்பக்கம் நிற்காதே. அது திரும்பும்போது முன்சக்கரம் போகும் தடத்தில் பின்சக்கரம் போகாது. உள்வாங்கிக்கொண்டு மூலையை ஒட்டி வரும். ஓட்டுநரின் கண்ணாடியில் அந்த இடம் தெரியாது. முன்பகுதி தன்னைத் தாண்டிப் போய்விட்டது என்று நினைத்து நிற்கிறவனை நோக்கித்தான் பின்சக்கரங்கள் வரும்.

நான் பின்னால் பத்தடி தள்ளி நின்றிருந்தேன். ஓர் இளைஞன் என்னைத் தாண்டி, ட்ரைலருக்கும் ஓரக் கல்லுக்கும் நடுவிலிருந்த சந்தில் சைக்கிளை விட்டான். “தம்பி, பின்னாடி வா!” என்று கத்தினேன். அவனுக்குப் புரியவில்லை. “பையா, பீச்சே! பீச்சே ஆவோ!” என்று தெரிந்த இந்தியில் கத்தியதும் திரும்பிப் பார்த்தான், என் முகத்தைப் பார்த்துக் காலை ஊன்றி, சைக்கிளைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு வந்தான். பச்சை விளக்கு விழுந்தது. ட்ரைலரின் முன்பகுதி நேராகப் போய் வளைந்தது. பின்சக்கரங்கள், ஓர் அச்சுக்கு நான்காக, மூலையை அறுத்துக்கொண்டு வந்தன. அவன் சைக்கிள் நின்றிருந்த இடத்தில் கிடந்த ஜல்லி ஒன்று நொறுங்கிய சத்தம் எங்கள் இருவருக்கும் கேட்டது. அவன் ஒன்றும் பேசவில்லை. என் கைகள் சிறிது நேரம் நடுங்கிக்கொண்டிருந்தன.

திருவொற்றியூர் வரை அவன் எனக்குப் பின்னாலேயே வந்தான். ஒடிசாவில் பெர்ஹாம்பூரைத் தாண்டி ஒரு கிராமம் என்றான். நான் விசாகப்பட்டினத்திலிருந்து வருகிறேன் என்றதும் நம்பாமல் பைகளைப் பார்த்தான். அவன் ஊரும் நான் வந்த நெடுஞ்சாலையின் மேல்தான் இருக்கிறது, விசாகப்பட்டினத்துக்கும் வடக்கே. இதே சாலையில் போனால் உன் வீடு என்று சொன்னபோது சிரித்தான். ரயிலில் மட்டுமே வந்தவனுக்கு அது தெரிந்திருக்கவில்லை. திரும்பும்போதெல்லாம் பின்னால் நில் என்று கையை ஆட்டிக் காட்டினேன். புரிந்தது என்பதுபோலத் தலையை ஆட்டினான்.

சாத்தாங்காடு கடந்து பக்கிங்காம் கால்வாயின் மேல் வந்தபோது, அது என்னோடு கூடவே வந்த துணை என்று தோன்றியது. சென்னையிலிருந்து எண்ணூர் வரை பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெட்டிய அந்தக் கால்வாய், பிறகு வடக்கே நீண்டு ஆந்திரக் கரையோரமாக வெகுதூரம் போனது. ஸ்ரீஹரிக்கோட்டாவின் சவுக்கு விறகு படகில் ஏறிச் சென்னை அடுப்புகளுக்கு வந்தது இந்த வழியாகத்தான். தொலைதூரத்துச் சரக்கும் தொலைதூரத்து மனிதர்களும் வந்து சேரும் இடமாகத்தான் எங்கள் பகுதி எப்போதும் இருந்திருக்கிறது. இன்று கால்வாயில் படகு இல்லை. தண்ணீரைப் பற்றி எழுத மனமில்லை.

திருவொற்றியூர் தேரடியில் அந்த இளைஞன் கையை உயர்த்திவிட்டு ஒரு சந்தில் திரும்பினான். நான் மெட்ரோ தூண்களின் நிழலில், காலடிப்பேட்டை, சுங்கச்சாவடி என்று வந்தேன். கரும்புக் கட்டுகளும் மஞ்சள் கொத்துகளும் நடைபாதையில் இறங்கியிருந்தன. போகி மேளம் விற்கிறவர்கள் தோளில் சரம்சரமாக மாட்டிக்கொண்டு நின்றார்கள். எங்கள் தெருவுக்குள் நுழையும்போது பிள்ளைகள் ஏற்கனவே அடித்துப் பழக ஆரம்பித்திருந்தார்கள். மணி மூன்றரை.

அப்பா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கு 77 வயது. முழங்கால் வலி வந்த பிறகு சைக்கிளை விட்டுவிட்டார். சாப்பிட்டாயா என்று கேட்டார். சாத்தாங்காட்டில் இன்னும் தண்ணீர் நிற்கிறதா என்று கேட்டார். பிறகு எழுந்து வந்து, பின்சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டு, கம்பிகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். வளைத்துப் போட்ட கம்பியின் மேல் விரல் நின்றது. குனிந்து ஹப்பின் அருகே பார்த்தார்.

“இதை யார் போட்டது?”

“மீஞ்சூர்ல ஒரு கடைப்பா.”

“ஸ்டேஷன் ரோட்டுக்கு முன்னாடியா, தாண்டியா?”

“தாண்டி” என்றேன்.